சுகர் பீட்ஸ் தைப்பதற்கு முன்

பிளவுஸில் ஆரி வேலை செய்ய விலை குறைந்த மணிகளை வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் சோதிக்காமல் தைக்காதீர்கள். சந்தன நிறப் பட்டு பிளவுஸின் கழுத்தில் சிவப்பு சுகர் பீட்ஸ் (பொடிக் கண்ணாடி மணிகள்) வைத்துத் தைத்தேன். முதல் முகூர்த்தத்திலேயே வியர்வை பட்டு, ஒவ்வொரு மணியைச் சுற்றியும் சாயம் ஊறிவிட்டது. மூன்று நாள் வேலை அது.

அதிலிருந்து எந்த நிறம் வாங்கினாலும் பத்து மணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியில் மடித்து, ராத்திரி முழுக்க வைத்துவிடுகிறேன். காலையில் துணியில் கறை இருந்தால் அந்தப் பாக்கெட் தையலுக்கு ஆகாது. அவசரம் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு மணியைத் துடையுங்கள். மேல்பூச்சு நிறமாக இருந்தால் பெரும்பாலும் பஞ்சில் வந்துவிடும். கண்ணாடி மணிக்கு மட்டும்தான் இது. பிளாஸ்டிக் இளகிப் போகலாம்.

அப்புறம் துளை. இருபது மணியை நூலில் கோர்த்து, இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல மணிகள் ஒரே கம்பி போல நிற்கும். ஒன்று தட்டை, ஒன்று குண்டு என்றிருந்தால் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் வரிசை நெளியும். அதே நூலில் மணிகளை முன்னும் பின்னும் பத்துத் தடவை நகர்த்துங்கள். நூல் பிசிறடித்தால் துளையின் விளிம்பு கூர்மை. நாளாக நாளாக நூலை அறுத்துவிடும்.

முத்து வாங்கினால் துளை ஓரத்தை நகத்தால் சுரண்டுங்கள். பூச்சு தோலாக உரிந்தால் வேண்டாம். கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகமா? கன்னத்தில் வையுங்கள், கண்ணாடி சில்லென்றிருக்கும். பிளாஸ்டிக் என்றால் அதன் மேல் நேராக இஸ்திரி போடவே கூடாது.