ஐந்து கீற்று, பல வாசிப்பு: ‘முளை’ கான்ஜியைக் கற்பது

மூன்று படுக்கைக் கோடு, அவற்றின் நடுவே ஒரு நெடுக்கோடு, இடது மேல்மூலையில் ஒரு சிறு சாய்கோடு. மண்ணைப் பிளந்து கிளம்பும் முளையின் படம்தான் 生 என்ற இந்தக் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்து. முளையை மனத்தில் பதித்தால் பிறப்பு, வாழ்வு, பச்சையாக இருப்பது என்ற பொருள்கள் அதிலிருந்தே கிளைக்கும்.

வாசிப்புகளை, அதாவது எழுத்தை ஒலிக்கும் விதங்களை, பட்டியலாக உருப்போடாதீர்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கான கான்ஜிகளை ஜப்பான் அரசு தொகுத்த 2010 ஜோயோ பட்டியலில் இந்த ஒரே எழுத்துக்கு 12 இருக்கின்றன. தனியாகப் படித்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஒரு சொல்லுக்கு ஒரு நினைவட்டை போடுங்கள்.

பிறகு சொல்லில் இந்த எழுத்தின் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். இன்னொரு கான்ஜி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் சீன வழி ஒலி, அதாவது ஒன்யொமி: சென்சே (ஆசிரியர்), ஜின்சே (வாழ்க்கை). ஹிரகனா (ஜப்பானிய ஒலியெழுத்து) வால் இருந்தால் குன்யொமி, அதாவது ஜப்பானிய ஒலி. வால் ‘கிரு’ என்றால் இகிரு, வாழ்தல். ‘மரெரு’ என்றால் உமரெரு, பிறத்தல். உணவுப் பெயர்கள் சில விதியை மீறும்: நம-தமகொ, பச்சை முட்டை.

வாசிப்பை அட்டையில் ஹிரகனாவிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் ‘இகிரு’வின் நடுவில் வருவது க-வா, அதன் மெல்லொலியா என்று பிறகு தெரியாது. குறில் நெடிலில் மட்டும் நம் காது கைகொடுக்கும்: இஷ்ஷோ என்றால் வாழ்நாள் முழுதும், இஷ்ஷொ என்றால் வேறு எழுத்து, ‘சேர்ந்து’ என்று பொருள்.