பிளஸ் மைனஸ் 9 வோல்ற்றில் கிற்றார் பெடல்: கரகரப்பு போன விதம்

கிளிநொச்சிக் கோயில் மேடைகளில் ஜெனரேற்றர் இரைச்சல் பெடலுக்குள் ஏறும். அதனால் கிற்றார் சத்தத்தைக் கூட்டும் பூஸ்ரர் பெடலுக்கு (பிசி549சி என்ற ஒரு ட்ரான்சிஸ்ற்றரால் ஆனது) இரண்டு 9 வோல்ற் பற்றரி போட்டேன். இரண்டும் சேரும் நடுமுனைதான் கிறவுண்ட், அதாவது 0 வோல்ற். ட்ரான்சிஸ்ற்றரின் மூன்று கால்கள் கலெக்டர், பேஸ், எமிற்றர். கலெக்டர் 4.7 கிலோஓம் வழியாகப் பிளஸுக்கு, எமிற்றர் 8.2 கிலோஓம் வழியாக மைனஸுக்கு.

சத்தம் வந்தது, கூடவே கரகரப்பும். மீற்றரில் எமிற்றர் மைனஸ் 2.6 வோல்ற், இருக்கவேண்டியதைவிடக் கீழே. பேஸுக்கும் கிறவுண்டுக்கும் இடையிலிருந்த 1 மெகாஓம்தான் காரணம்: 2 மைக்ரோஅம்பியர் பேஸ் கரண்டே அதில் 2 வோல்ற்றை விழுத்திவிடும். அதற்குப் பதிலாக 100 கிலோஓம் போட்டதும் எமிற்றரில் மைனஸ் 0.9 வோல்ற், கலெக்டரில் 4.4 வோல்ற்.

எமிற்றரின் 47 மைக்ரோபரட் கப்பாசிற்றரும் தலைகீழாக நின்று கசிந்தது. எமிற்றர் கிறவுண்டுக்குக் கீழே இருப்பதால் பிளஸ் கால்தான் கிறவுண்டுக்குப் போகவேண்டும். திருப்பிப் போட்டதும் கரகரப்பு அடங்கியது.

கிற்றார் வயர் செருகும் இன்புட் ஜாக், வயரைக் கழற்றும்போது ஒரு பற்றரியைத்தான் துண்டிக்கும். மற்றது சும்மா இறங்கும். இரண்டையும் ஒன்றாக வெட்டும் இரட்டைச் சுவிட்ச் கட்டாயம்.