குழந்தைக்கு மரக்கட்டில்: சென்னைப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்குக் கட்டில் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "தேக்குதானே?" என்றுதான். அடுத்து விலை. அதற்கடுத்து, சுவரின் நிறத்துக்குப் பொருந்துமா என்பது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வீட்டில் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு நாம் அடுப்படிக்கோ குளியலறைக்கோ போகும் இடம் அந்தக் கட்டில்தான். நம் கண் படாத நேரத்தில் அது குழந்தையைப் பத்திரமாக வைத்திருக்குமா? மரத்தையும் விலையையும் இந்தக் கேள்விக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் வழக்கத்தை மறந்துவிட்டு வாங்குவது பலர் செய்கிற தவறு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் குழந்தையோடு திரும்புவாள். அதற்குள் வேளச்சேரி அடுக்ககத்தில் கணவர் ஆசையோடு வாங்கி வைத்த சின்னத் தொட்டிலுக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும். குழந்தை புரளவோ கையை ஊன்றி எழும்பவோ தொடங்கிவிட்டால் அதில் படுக்க வைக்கக் கூடாது. எனவே குழந்தை எந்த வீட்டில் எத்தனை மாதம் தூங்கப் போகிறது என்பதை இரு வீட்டாரும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். தாய்வீட்டுக்கு எளிய தொட்டில் ஒன்று. திரும்பி வரும் வீட்டுக்கு நான்குக்கு இரண்டடிக் கட்டில். பிறக்கும் முன்னே வாங்கக் கூடாது என்று பாட்டி சொன்னால் அதற்காகச் சண்டை வேண்டாம். கடையில் அளந்து பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, பிறந்த பிறகு வரவழைத்துக்கொள்ளலாம்.

தனி அறை ஒதுக்கி, கட்டில், அலமாரி, டயப்பர் மாற்றும் மேசை என்று முழு செட்டாக வாங்குவதும் வீண் செலவு. முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. நம் வீடுகளில் எப்படியும் அதுதான் நடக்கும். டயப்பர் மேசையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தரையில் பாய் விரித்து மாற்றினால் குழந்தை விழுவதற்கு இடமே இல்லை.

கட்டிலில் கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது நிற்கும் சட்டங்களுக்கு இடையேயான இடைவெளி. அமெரிக்க விதிப்படி அது 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதைவிட அகலமாக இருந்தால் குழந்தையின் கால், இடுப்பு, மார்பு எல்லாம் வழுக்கி வெளியே வந்துவிடும். தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். டேப் கையில் இல்லாவிட்டால் குண்டான குளிர்பான டின் ஒன்றை எடுத்துப் போங்கள். அது சட்டங்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். நான்கு மூலைகளிலும் குமிழ் வைத்த, கடைசல் வேலைப்பாடு மிகுந்த கட்டில்களையும் தவிர்த்துவிடுங்கள். நம் குழந்தைகளின் கழுத்தில் சங்கிலியோ பாசிமணியோ கிடக்கும். எழுந்து நிற்கிற வயதில் அது குமிழில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். தூங்க வைக்கும்போது கழுத்தில் எதுவுமே இல்லாமல் இருப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்குகிற கட்டில்களும் ஆபத்தானவை. அந்தப் பக்கம் கழன்று குழந்தைகள் இறந்ததால் அமெரிக்காவில் 2011-இல் அவற்றின் விற்பனையையே தடை செய்தார்கள்.

கடையில் இன்னொன்றையும் செய்யுங்கள். பழைய பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து மேல்சட்டம், உள்பக்கம், அடிப்பலகையின் ஓரம் என்று எல்லா இடத்திலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டுகிற இடத்தில் சிராயோ ஆணி முனையோ இருக்கும். விற்பவர் என்ன நினைப்பார் என்று தயங்க வேண்டாம்.

கட்டில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மெத்தையில் கோட்டை விட்டால் பயனில்லை. மெத்தை நான்கு பக்கமும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் அது சின்ன மெத்தை. உள்ளங்கையால் அழுத்தி எடுத்ததும் பள்ளம் விழாமல் உடனே நிமிர வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை நமக்குச் சுகம், பச்சிளங்குழந்தைக்கு அல்ல; முகம் புதைந்தால் தலையைத் திருப்பத் தெரியாது. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, சுற்றிலும் மெத்தைத் தடுப்பு, துணிப் பொம்மைகள் என்று உறவினர்கள் அன்போடு கொடுப்பவை எல்லாம் ஒரு வயது வரை அலமாரியிலேயே இருக்கட்டும். குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும். கட்டிலில் இறுக்கமாக விரித்த துணி மட்டும் போதும். தூளியில் ஆட்டித் தூங்க வைப்பதில் தவறில்லை. ஆனால் தூளியின் வளைவில் தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுப்பாதை குறுகும். ஆகவே கண்ணெதிரே வைத்து ஆட்டுங்கள், தூங்கியதும் சமதளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி மரம். தேக்கு கரையானைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் தேக்குதான் வேண்டும் என்பதில்லை. பூச்சி அரிக்காதபடி பதப்படுத்திய ரப்பர் மரம் நன்றாகவே உழைக்கும். மரத்தூளை ஒட்டிச் செய்யும் தூள் பலகையை (பார்ட்டிகிள் போர்டு) மட்டும் ஒதுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தை உறிஞ்சினால் அது உப்பிவிடும். ஸ்குரூ பிடிப்பும் போய்விடும். ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்யக் கொடுப்பவர்கள் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். முன்னதில் சாதாரண எம்.ஆர். (MR) ரகம் ஓரளவு ஈரப்பதத்தை மட்டுமே தாங்கும், பின்னது தண்ணீரையும் தாங்கும். பலகையை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கசியும். வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே இந்த வாயு குறைவாகக் கசியும் இ0 (E0) அல்லது இ1 (E1) தரப் பலகையாகக் கேளுங்கள். புதுக் கட்டிலைச் சில வாரம் காற்றோட்டமான இடத்தில் வைத்து, வாடை போன பிறகே குழந்தையைப் படுக்க வையுங்கள்.

தாத்தா காலத்துத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்குகிறவர்கள் பெயின்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பல் முளைக்கும் குழந்தை மேல்சட்டத்தைக் கடிக்காமல் இருக்காது. சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தூசி கர்ப்பிணிக்கும் கேடு. மெழுகோ எண்ணெயோ மட்டும் பூசிய பழைய மரமாக இருந்து, இடைவெளியும் சரியாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கட்டிலை ஜன்னல் ஓரத்திலும் திரைச்சீலைக் கயிறு எட்டும் இடத்திலும் போட வேண்டாம். கொசுவலை அவசியம்தான், தொய்ந்து குழந்தையின் மேல் விழாதபடி விறைப்பாகக் கட்டுங்கள். குழந்தை உட்காரத் தொடங்கியதும் அடிப்பலகையை இறக்கிவிடுங்கள். கடைசி நிலைக்கு இறக்கிய பிறகு பலகையிலிருந்து மேல்சட்டம் வரை 60 செ.மீ.யாவது உயரம் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே அளந்துகொள்ளுங்கள்.

துணி வைக்கும் இழுப்பறை அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விடுவது, ஒரு வயதுக்குப் பிறகு தெரியவரும் தவறு. இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறும் குழந்தையின் மேல் அலமாரியே சாய்ந்துவிடும். வாடகை வீட்டில் சுவரில் துளை போட உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் இழுப்பறை அலமாரியே வாங்காதீர்கள். குழந்தையின் துணிகளுக்கு உங்கள் பீரோவில் ஒரு தட்டு ஒதுக்கினால் போதும்.