சிரட்டையில் தொடங்கும் மைக் கோட்டோவியம்

மைக் கோட்டோவியத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. தாளின் வெண்மையே அதன் வெளிச்சம். பென்சில் படத்தில் ரப்பரால் அழித்து வெளிச்சத்தை மீட்கலாம், எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையை மேலே பூசலாம், மையிலோ கோடு விழுந்த இடம் விழுந்ததுதான். ஆகவே எந்த இடத்தைத் தொடாமல் விடப்போகிறோம் என்பதைப் பேனாவை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளும் பழக்கத்தைத்தான் முதலில் கற்க வேண்டும். கோடு நேராக வருவதெல்லாம் நாள்பட்ட பழக்கத்தில் கைக்குத் தானாக வந்துவிடும்.

தொடக்கத்தில் அதிகச் செலவு வேண்டாம். நீரில் கரையாத நிறமி மை அடைத்த நுண்முனைப் பேனாக்கள் இரண்டு போதும். மைக்ரான் என்ற பெயரில் விற்கும் நுண்முனைப் பேனாவில் 01 என்று குறித்திருப்பது ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் கோட்டையும், 05 என்பது 0.45 மில்லிமீட்டர் கோட்டையும் தரும். முனை மிக மெல்லியதாகையால், பரீட்சை எழுதுவதுபோல் அழுத்தினால் அது உள்ளே போய்விடும். வேறு எந்தப் பேனாவை வாங்கினாலும் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள்; கரைந்தால் அது வீட்டுக் கணக்கு எழுதுவதற்கு உரியது.

தாளில் கஞ்சத்தனம் கூடாது. 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள) ஜெராக்ஸ் தாளில் திரவ மை நூல்நூலாகப் பரவும் என்பதால், 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத, சொரசொரப்பில்லாத கார்ட்ரிட்ஜ் எனும் தடித்த ஓவியத் தாளே நல்லது. குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இந்த மாதங்களில் வெளியில் கிடக்கும் தாள் அப்பளம்போல் நமத்துவிடும், நமத்த தாளில் கோட்டின் ஓரம் பிசிறும். இறுக மூடும் பிளாஸ்டிக் உறையில் தாளை வைத்துக்கொள்வதும், வரையும்போது வியர்க்கும் உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டுக்கொள்வதும் பெரிய உதவி.

முதல் வாரம் படம் எதுவும் வரைய வேண்டாம். ஓர் அங்குலக் கட்டங்கள் ஐந்தை வரிசையாகப் போட்டு, முதல் கட்டத்தை வெறுமையாகவும் கடைசிக் கட்டத்தை ஏறக்குறையக் கறுப்பாகவும் வைத்து, இடையில் உள்ள மூன்றையும் கோடுகளின் நெருக்கத்தால் மட்டும் படிப்படியாக இருட்டாக்குங்கள். கோட்டை மணிக்கட்டால் இழுக்காமல் முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும்; சாய்வு கைக்கு வசப்படாவிட்டால் தாளைத் திருப்பிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோடு முடியும் இடத்தில் பேனாவைச் சட்டென்று நிறுத்தினால் அங்கே மை குத்திட்டு நிற்கும். விமானம் மேலெழுவதுபோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேனாவைத் தூக்கிவிட வேண்டும். ஒரு கோட்டு வரிசையின் மேல் இன்னொன்றைக் குறுக்காகப் போடும்போது செங்குத்தாகப் போட்டால் ஜன்னல் வலைபோல் தெரியும், சற்றே சாய்த்துப் போட்டால் நிழலாகத் தெரியும். இதற்கு நல்ல மாதிரி வேண்டுமென்றால் தென்னையில் மட்டையின் அடியைச் சுற்றியிருக்கும் பன்னாடையை எடுத்துப் பாருங்கள். ஏச்சுச் சொல்லாகிப்போன அந்தப் பன்னாடையில், சாய்வாகக் குறுக்கிடும் நார்கள் எப்படிக் கறுப்பைக் கூட்டுகின்றன என்பது கண்ணுக்கு நேராகவே தெரியும்.

முதல் படத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் பொருள் சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி. எந்த வீட்டிலும் கிடைக்கும், அசையாது, உருண்டையும் குழிவும் ஒரே பொருளில் இருக்கின்றன. மூன்று கண் உள்ள பாதியைக் கவிழ்த்து ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி மறுபக்கக் கதவை அடைத்துவிடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நார்களும் கீறல்களும் மறைந்து, வெளிச்சம், இடைநிழல், இருட்டு என்ற மூன்று பகுதிகள் மட்டும் தெரியும். எச்பி பென்சிலால் அவற்றின் எல்லைகளை மெல்லக் குறித்துக்கொண்டு, வெளிச்சப் பகுதிக்குள் சிறிய புள்ளி ஒன்று வைத்தால் அங்கே கை போகாது. பிறகு 01 பேனாவால் இடைநிழலையும் இருட்டையும் சேர்த்து ஒரே அடுக்குக் கோடு போடுங்கள். கோடுகள் சிரட்டையின் வளைவோடு வளைந்து செல்ல வேண்டும், நேர்க்கோடாகப் போட்டால் உருண்டை தட்டையாகிவிடும். அது காய்ந்தபின் இருட்டின் மேல் மட்டும் இரண்டாம் அடுக்கு. கண்களின் குழியும், சிரட்டை தரையைத் தொடும் விளிம்பும்தான் படத்திலேயே மிகக் கறுப்பான இடங்கள். அவற்றுக்கு மட்டும் 05. நார்களைக் கடைசியில், அதுவும் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் பத்துப் பதினைந்து போட்டால் போதும், மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். பென்சில் கோட்டை அழிக்கக் கால் மணி நேரமாவது பொறுங்கள். மழை நாளென்றால் மறுநாள் அழியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, தொட்டு எழுதும் நிப்புக்குப் போகலாம். புது நிப்பில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைச் சோப்புநீரால் துடைக்காவிட்டால் மை நிற்காமல் உருண்டோடும். நிப்பின் நடுவிலுள்ள துளை நனையும் அளவுக்குத் தொட்டால் போதும். கோட்டை நம்மை நோக்கி இழுக்க வேண்டும், எதிர்த்திசையில் தள்ளினால் முனை தாளில் குத்தி மை தெறிக்கும். இந்தியன் இங்க் என்பது கரிப்புகையைப் பசையில் குழைத்துச் செய்வது. அரக்குப் பசை சேர்ந்த வகை காய்ந்தால் எளிதில் கரையாது. இது தெரியாமல் அப்பாவின் பழைய ஊற்றுப் பேனாவில் அதை நிரப்பி, ஒரே வாரத்தில் பேனாவைக் குச்சியாக்கியவன் நான். நிப்பையும் வேலை முடிந்த கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும், கடற்கரை ஊர்களில் ஓர் இரவு போதும் துருவுக்கு.

வெளியில் அமர்ந்து வரையத் துணிவு வந்தபின் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். திங்கட்கிழமை விடுமுறை. அங்குள்ள கறுத்துப் பளபளக்கும் தரைக்குச் சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள், மை பழகுகிறவருக்கு அந்தக் கறுப்பே ஒரு பாடம். ஓட்டுக்கூரையை வரையும்போது ஒவ்வோர் ஓட்டையும் போடத் தொடங்கினால் மாலைவரை கூரை முடியாது. இறவாரத்தின் நிழலை முதலில் கறுத்துவிட்டு, ஓடுகளை விளிம்பில் இரண்டு வரிசை மட்டும் காட்டுங்கள்.

தொலைவைப் பழக மாத்தூர் தொட்டிப்பாலம்போல் வேறோர் இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. பறளியாற்றின் மேல் 1966இல் கட்டிய அந்தப் பாலத்தை, உயரம் 115 அடிவரை போகும் 28 தூண்கள் தாங்குகின்றன. கீழே இறங்கி ஒரு தூணின் பக்கத்தில் அமர்ந்து, அண்மைத் தூணை 05 பேனாவால் அதன் காரைக் கறைகளோடு வரைந்து, அடுத்தடுத்த தூண்களுக்குப் பேனாவை மெலியவைத்துக்கொண்டே போய், கடைசி மூன்று நான்கு தூண்களை 01 பேனாவின் விட்டுவிட்டு வரும் கோடுகளால் வெறும் விளிம்பாக மட்டும் காட்டுங்கள். அவற்றுக்கு நிழல் போடக் கை பரபரக்கும், போடாதீர்கள்.