மொட்டைமாடிக்கு இரும்புப் படியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வெளிப்புற இரும்புப் படிக்குப் பட்டறையில் பெரும்பாலும் செக்கர்டு பிளேட்டைத்தான் (மேலே சிறு புடைப்புகள் உள்ள இரும்புத் தகடு) பரிந்துரைப்பார்கள். புடைப்பு இருப்பதால் கால் வழுக்காது என்ற நம்பிக்கை. அந்தப் புடைப்பின் உயரமோ ஓரிரு மில்லிமீட்டர்தான். பொங்கல்தோறும் அதன்மேல் எனாமல் பெயிண்ட் பூசினால் விளிம்புகள் மழுங்கி, பளபளப்பான தோல்தான் மிஞ்சும். மழை நாளில் அதில் கால் வைத்துப் பாருங்கள், வேண்டாம், வைக்காதீர்கள். பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு என்னும் துருத்தடுப்பு அடிப்பூச்சை அடியுங்கள். அடுத்த பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த உலர் மணலைத் தூவி, மேலே மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள்.

புடைப்பைவிட முக்கியம் தண்ணீர் போகும் வழி. தகட்டின் ஓரங்களை மேல்நோக்கி மடித்துத் தட்டுபோல் செய்துவிடுகிறார்கள். ஐப்பசி மழை அதில் தேங்கிப் பாசி பிடிக்கிறது. ஓரத்தைக் கீழ்நோக்கி மடித்து, முன்பக்கம் லேசான சரிவு கொடுத்தாலே போதும். நீர்த்தொட்டி நிரம்பி வழியும் குழாய் படிக்கு நேர் மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் கோடையிலும் அந்தப் படி காயாது.

தண்ணீர் தேங்கவே கூடாதென்றால் கிரேட்டிங், அதாவது இரும்புப் பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கிய சட்டம், நல்லது. ஆனால் அதில் எடை தாங்குவது செங்குத்தாக நிற்கும் பட்டைகள் மட்டுமே. குறுக்குக் கம்பிகள் அவற்றைப் பிடித்துக்கொள்ள மட்டும். பட்டைகளின் இரு முனைகளும் தாங்கியின் மேல் உட்கார வேண்டும். துண்டு வீணாகக் கூடாது என்று குறுக்கே திருப்பி வைத்துவிட்டால், ஆள் ஏறும்போது தொய்யும். பல் வெட்டிய கிரேட்டிங் எண்ணெய் சிந்தும் தொழிற்சாலைக்கு ஏற்றது. துணி உலர்த்த வெறுங்காலோடு ஏறுகிறவருக்கு அது தண்டனை.

துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். அங்கே துத்தநாகம் கலந்த பெயிண்ட் அடிக்காவிட்டால், கடலோர ஊர்களில் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

படியை நிறுத்தியபின் முற்றத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது வேறொரு வம்பு. தரை உயர்ந்து முதல் படி மட்டும் குட்டையாகிவிடும். மற்ற படிகளின் உயரத்துக்குப் பழகிய கால், இறங்கும்போது அங்கேதான் தடுமாறும். டைல்ஸ் கனத்தையும் சேர்த்து அளந்த பிறகே பட்டறைக்குப் போங்கள்.