வெளிநாட்டு மலை ஆய்வுக் குழுவில் இன்டர்ன்ஷிப்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவரவியலோ விலங்கியலோ படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, நேபாளம் என்று ஏதாவது ஒரு மலை ஆய்வுக் குழுவில் கொஞ்ச நாள் வேலை பழக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசை. ஆனால் முதல் மின்னஞ்சலுக்கே பதில் வராமல் போனதும், நம் ஆங்கிலம் போதவில்லை, கல்லூரிப் பெயர் போதவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் கடிதங்களைப் படித்த வரையில் எனக்குத் தெரிவது வேறு. அவர்கள் தங்கள் சொந்த மலையைக் கடிதத்தில் மறைத்துவிடுகிறார்கள்.

சித்தேரி அடிவாரத்திலிருந்து வரும் பெண், பார்த்தே இராத இமயமலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாள். தன் ஊருக்கு மேலே உண்ணிச்செடி எப்படிப் பரவுகிறது, சாமை விதைத்த சரிவுகளில் இப்போது என்ன இருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. அஞ்செட்டிப் பையன் ஒருவன் மேலகிரிக் காட்டிலிருந்து யானை எந்த மாதம் கேழ்வரகுக் கொல்லைக்கு இறங்கும் என்று தெரிந்து வளர்ந்தவன். அதையும் எழுதவில்லை. உயரம் ஏற ஏறச் செடிகொடி எப்படி மாறுகிறது, வெளியிலிருந்து வந்த செடி எதைத் தள்ளிவிட்டு நிற்கிறது, மலையில் வாழும் மக்கள் எதை நம்பியிருக்கிறார்கள் என்பவைதானே மலைச் சூழலியலின் கேள்விகள்? அந்தப் பேராசிரியருக்குப் புதிதாக இருப்பது உங்கள் ஊர்ச் செய்திதான்.

ஆனால் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, பதிவு வேண்டும். வத்தல்மலைச் சாலையோரத்தில் அடிவாரம் முதல் உச்சி வரை ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, என்னென்ன செடி, எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது, எந்த உயரம், எந்தத் தேதி என்று மாதாமாதம் அதே இடத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாத செடியைப் படம் எடுத்து, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டால் உதவி கிடைக்கும். மலைக்குப் போக வழியில்லை என்றால், வீட்டு மாமரம் எப்போது தளிர்க்கிறது, எப்போது பூக்கிறது என்று சீசன்வாட்ச் திட்டத்தில் வாரம் ஒருமுறை பதியலாம். கிருஷ்ணகிரியில் மாமரத்துக்கா பஞ்சம்! ஒரே ஓர் எச்சரிக்கை: வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போய்ப் படம் எடுத்து, அதைச் சாதனை போலக் கடிதத்தில் வைக்காதீர்கள். களவேலை செய்கிறவர்கள் அதை உடனே கவனிப்பார்கள். பட்டா நிலமும் ஏரிக்கரையும் சாலையோரமும் தொடக்கத்துக்குப் போதும்.

அடுத்த தவறு, நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, 'எந்த வேலை என்றாலும் சரி' என்று முடிப்பது. அந்தக் குழு வெளியிட்ட ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். உதாரணமாக, ஐரோப்பாவின் 302 மலையுச்சிகளின் பழைய, புதிய தாவரப் பட்டியல்களை ஒப்பிட்டு, வெப்பம் கூடக்கூட அங்கே செடி இனங்கள் வேகமாகப் பெருகுவதைக் காட்டிய கட்டுரை 2018இல் நேச்சர் இதழில் வந்தது. அதைப் படித்தவருக்கு, கீழேயிருந்து புது இனங்கள் ஏறிவந்தால் உச்சியில் முன்பே இருந்த செடிகள் என்ன ஆகும் என்ற கேள்வி தானாக வரும். அப்படி ஒரு கேள்வி, உங்கள் சதுரங்களில் கண்டது நாலு வரி, எந்த மாதங்களில் வரமுடியும் என்பது. கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்.

மாதம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நமக்கு ஏப்ரல், மே விடுமுறை. ஆல்ப்ஸின் உயரமான சரிவுகளில் அப்போது இன்னும் பனி கிடக்கும். அது உருகி, செடி வளர்ந்து பூப்பதெல்லாம் பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைதான். 'மே மாதம் வருகிறேன்' என்றால் அவர்களிடம் உங்களுக்குக் களவேலையே இருக்காது. நமக்கு அப்போது புது செமஸ்டர் தொடங்கிவிடும் என்பதால் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். இளநிலை முடித்து முதுநிலை சேர்வதற்கு முன் போவது இன்னும் நல்லது. விண்ணப்பமும் முந்தைய ஆண்டே போக வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் 12 வாரப் பயிற்சிக்கும் அப்படித்தான்.

பணம் வாங்கிக்கொண்டு 'ஐரோப்பிய இன்டர்ன்ஷிப் சான்றிதழ்' தருகிறோம் என்கிற ஏஜென்ட்டுகளிடம் அப்பாவின் மாம்பழ வருமானத்தைக் கொட்டாதீர்கள். முறையான ஆய்வுக் குழு மாணவரைச் சேர்த்துக்கொள்ள தரகர் மூலம் பணம் கேட்காது. சேர்ப்பதாகச் சொல்லும் கடிதம் அந்தப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலிலிருந்தே உங்களுக்கு நேராக வர வேண்டும்.

விசாவில் சுற்றுலா என்று போட்டுவிட்டு ஆய்வுக்குப் போவது பெரிய ஆபத்து. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதற்கு மேல் என்றால் அந்த நாட்டின் தேசிய விசா வேண்டும். 90 நாளுக்குள் என்றாலும் பயிற்சிக்குத் தனி அனுமதி தேவையா என்று குழுவிடமே கேட்டுவிடுங்கள். ஜெர்மனியின் தேசிய விசாவுக்கு, ஓசூர்க்காரர்கள் பெங்களூரு பக்கம்தானே என்று அங்கே நேரம் பதிவு செய்துவிட வேண்டாம். அந்நாட்டின் பெங்களூரு துணைத் தூதரகம் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் உரியது, தமிழ்நாட்டுக்குச் சென்னை. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு அதில் அடங்குமா என்று பாலிசியை வரி வரியாகப் பாருங்கள், பலவற்றில் இருக்காது.

நம் மாவட்ட மலைகள் 1,500 மீட்டரைத் தாண்டாது. 2,500 மீட்டருக்கு மேல் போனால் தலைவலி, குமட்டல் வரலாம். வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் குழுத்தலைவரிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும்.

அப்புறம் பெட்டி. அம்மா கட்டித்தரும் நெய்யும் பால்கோவாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது, பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரநலச் சான்று வேண்டும். அவர்களிடம் காட்டலாம் என்று நம் மலை மண்ணையோ விதையையோ எடுத்துப்போவது அதைவிடப் பெரிய தவறு. அவர்கள் நாட்டில் மண்ணுக்குத் தடை. இங்கேயும், ஆய்வுக்காக உயிர்வளத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவை. ஆய்வுக் குழுவே மாதிரி கேட்டால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கல்லூரி வழியாக ஆணையத்துக்கு எழுதிவிடுங்கள்.