எதிரணி பேசியதைத் தீர்ப்பு என்று எழுதாதீர்கள்

மட்டக்களப்பில் ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் மெய்யியல், இறையியல் ஒப்படைகள் திருத்துகிறேன். மாலை வகுப்புக்குப் பத்துப் பதினைந்து பேர்தான். துறவறப் பயிற்சியில் இருப்பவர்கள், ஆசிரியைகள், ஓய்வுபெற்ற ஓரிருவர். ஆட்கள் மாறுகிறார்கள், பிழைகள் மாறுவதில்லை.

ஒருமுறை ஒரு ஒப்படையில் இப்படி ஒரு வரி: “கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது என்கிறார் புனித தோமா அக்குவினா.” எழுதியவர் ஞாயிறு மறைக்கல்வி படிப்பிப்பவர்! சிவப்புப் பேனையைக் கையில் எடுத்துவிட்டு யோசித்தேன். அந்த வரி, 13ஆம் நூற்றாண்டு இறையியலாளரான அக்குவினாவின் ‘சும்மா தியோலோஜியே’ (இறையியல் தொகுப்பு) என்ற இலத்தீன் நூலில் உண்மையாகவே இருக்கிறது. முதற்பகுதி, 2ஆம் வினா, 3ஆம் கூறு.

ஆனால் அது அவர் கருத்தல்ல. 13ஆம் நூற்றாண்டுப் பல்கலைக்கழகத்தில் வாதம் நடந்த ஒழுங்கிலேயே அந்த நூல் போகிறது. முதலில் கேள்வி. அடுத்து எதிர்த்தரப்பின் நியாயங்கள். அப்புறம் ‘இதற்கு மாறாக’ என்று ஒரு சான்று. இந்த இடத்தில் விவிலியத்தின் விடுதலைப் பயணம் 3:14. அதற்குப் பிறகுதான் ‘நான் மறுமொழியாகச் சொல்வது’ என்று அவர் வாயைத் திறக்கிறார். கடவுள் இருக்கிறார் என்று காட்டும் புகழ்பெற்ற ஐந்து வழிகள் அங்கேதான் வருகின்றன. கடைசியில் எதிர்த்தரப்பின் ஒவ்வொரு நியாயத்துக்கும் தனித்தனிப் பதில்.

பட்டிமன்றத்தில் எதிரணிப் பேச்சாளர் முழங்கியதை நடுவரின் தீர்ப்பு என்று வீட்டில் போய்ச் சொன்னால் எப்படி இருக்கும்? அதேதான் இது. முதல் வாசிப்பில் ‘மறுமொழி’யிலிருந்து தொடங்குங்கள். பிறகு மேலே போய் எதிரணியைப் படியுங்கள். அதை விட்டுவிட வேண்டாம். அளவில்லாத நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமேது என்ற கேள்வியை அவர் கொஞ்சமும் மழுப்பாமல் வைக்கிறார். எனக்கு அவரில் பிடித்ததே அதுதான்.

அடுத்தது, “நான் பைபிள் படிக்க வந்தேன், அரிஸ்டாட்டில் எதற்கு?” என்று மெய்யியல் வகுப்புக்கு மட்டம் போடுவது. குருமாணவர்களுக்குத் திருச்சபைச் சட்டம் 250 சொல்லும் ஆறு ஆண்டுகளில் இரண்டு முழு ஆண்டுகள் மெய்யியலுக்கே. காரணம் இருக்கிறது. “ஒரே கடவுள், மூன்று ஆட்கள்” என்கிறோம். நம் ஊரில் ‘மூன்று ஆள்’ என்றால் ஓட்டோவில் பின்சீட் நிறைந்துவிடும். அந்த நினைப்போடு எழுதினால் கடவுள் மூவராகிவிடுவார். ‘ஆள்’, ‘இயல்பு’, ‘உட்பொருள்’ என்ற சொற்கள் கிரேக்க, இலத்தீன் மெய்யியலில் என்ன வேலை செய்தன என்று தெரியாமல் திரித்துவத்தையோ நற்கருணையையோ தொட முடியாது.

மேற்கோள் எண்களில் நடக்கும் குழப்பம் சின்னது, ஆனால் புள்ளியைத் தின்னும். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் ‘ஆண்டவர் என் ஆயர்’ 22ஆம் சங்கீதம். இன்றைய திருவிவிலியத்தில் 23. மெதடிஸ்ட் நண்பரிடம் வாங்கிய வேதாகமத்தில் 66 நூல்கள்தான், மக்கபேயர் நூல்களைத் தேடிக் களைக்க வேண்டாம், நமக்கு 73. திருச்சபை ஏடுகளுக்குப் பக்க எண் அல்ல, பத்தி எண் போடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பத்தி மாறாது.

சைவத்தோடு ஒப்பிடும் கட்டுரைகளில் அவசரம் தெரிகிறது. பதி என்றால் கடவுள், பசு என்றால் ஆன்மா, பாசம் என்றால் பாவம் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். சைவ சித்தாந்தத்தில் பதியைப் போலவே பசுவும், அதைக் கட்டும் தளையான பாசமும் அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை. கிறிஸ்தவத்திலோ ஆன்மா படைக்கப்பட்டது. கட்டுரையே அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டிலேயே சித்தாந்தம் தெரிந்தவர் இருக்கும் ஊர் இது, கேட்டால் ஒரு தேத்தண்ணியும் கிடைக்கும்.

பட்ட விஷயம் தனி. திருச்சபை அங்கீகாரம் வேறு, அரசாங்க வேலைக்குச் செல்லும் பட்டம் வேறு. இறையியலில் திருச்சபையின் முதல் பட்டத்துக்கு மெய்யியலையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள். அவ்வளவு காலம் போன பிறகு, “சேர், இது சம்பள உயர்வுக்குச் செல்லுமா?” என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் பட்டத்தை வழங்குகிறது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்ற இரண்டையும் சேருகிற நாளிலேயே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.